ரோட்டுக்கு அந்தப் பக்கம்

உக்காரும்மா. வீட்டை அப்புறம் பாக்கலாம், அது எங்க ஓடிப்போகுது. ஏஜென்டு காலையிலயே படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டா, "மிஸஸ் லிங்கம், வீடு பாக்க வர்றவங்க வர்ற நேரத்துல நீங்க இருக்கக் கூடாது, எங்கயாவது காபி குடிக்கப் போயிருங்க"ன்னு. ஏன் போகணும்? என் வீட்டைப் பாக்க ஒரு தமிழ்ப் பொண்ணு வாரா, நான் எவளோ கடையில போயி எதுக்குக் காபி குடிக்கணும்? இங்க இல்லாத காபியா? பேச்சைப் பாத்தாக் கோயமுத்தூர்ப் பக்கம் மாதிரி இருக்கு. அப்படியா? நினைச்சேன்.

ஏன் விக்கிறீங்கன்னு கேட்ட. எல்லாரும் அதைத்தான் கேக்காக. "வயசாயிருச்சு, சின்ன வீடு போதும்"னு சொல்லுங்கன்னு ஏஜென்டு சொல்லிக் குடுத்திருக்கா. வெள்ளக்காரகட்ட அப்படித்தான் சொன்னேன். உன்ட்ட எதுக்கு மறைக்கணும்? ஒரு பொம்பளையோட மூஞ்சிக்கு நேரே போயிக் குடியிருக்கணும்னு விக்கேன். அம்புட்டுதான் காரணம். இந்தா, காபி ஆறுது, குடி.

முதல்ல எங்க வீட்டுக்காரகளைச் சொல்லணும். சங்கரலிங்கம்னு பேரு. கோவில்பட்டிக்காரக. இந்தக் கான்சாஸ்ல பாலம் கட்டுற ஆபீசுல இருபத்தெட்டு வருஷம் இஞ்சினியரா இருந்து ரிட்டயர் ஆனாக. அதிர்ந்து பேச மாட்டாக. சிரிக்கணும்னாக்கூட, சிரிக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டுத்தான் சிரிப்பாக. ஞாயித்துக்கிழமை ஆனா தமிழ்ப் பள்ளி. பதிமூணு வருஷம் மூணாம் நிலைப் பிள்ளைகளுக்கு இவுகதான் வாத்தியார். சம்பளமா ஒண்ணா? இங்க பிறந்த பிள்ளைகளுக்கு ழகரம் வருமா? வராது. விடமாட்டாக. ஒரு பிள்ளை வாயில "பழம்" சரியா வந்திருச்சுன்னா அன்னைக்கு வீட்டுக்கு வந்து ரெண்டு தோசை கூடச் சாப்பிடுவாக. எனக்கு அதுலயே தெரிஞ்சிரும்.

மூணு வருஷத்துக்கு முன்னால மார்புல அக்கி வந்தது. நம்ம ஊர்னா குயவர் வீட்டுக்குப் போயிக் காவியக் குழைச்சு எழுதிக்கிட்டு வருவாக. இங்க மாத்திரை குடுத்தான். கொப்புளம் ஒரு மாசத்துல ஆறிருச்சு. வலி ஆறல. நரம்புக்குள்ள போயிக் குடியேறிருச்சு. மேல சட்டை பட்டாத் தீய வச்சுத் தேய்ச்ச மாதிரி இருக்குன்னாக. நீயே யோசிச்சுப் பாரு, வெளிய முழங்கால் அளவுக்குப் பனி கிடக்கு, உள்ள இந்த மனுசன் வெறும் மேலோட, வேட்டிய மட்டும் கட்டிக்கிட்டு, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துக்கிட்டே இருக்காக. டாக்டர் வேற வேற மாத்திரையா மாத்திக் குடுத்தாரு. வலி போகல, ஆளு போயிட்டாக. பேசிக்கிட்டே இருக்கும்போது பாதியில நின்னிருவாக. குளியலறையில விழுந்தாக. ஒரு நாள் என்னைக் கூப்பிட வாயத் தொறந்துட்டு, என் பேரைத் தேடுனாக. முப்பத்தொம்பது வருஷம் கூப்பிட்ட பேரு. உலகம்மைங்கிற பேரு மறக்குற பேராம்மா?

எங்களுக்கு ஒரே மக, பிரமநாயகி. பிரமுன்னு கூப்பிடுவோம். டென்வர்ல இருக்கா. போன வருஷக் கோடையில அவ வீட்டுக்குப் போயிருந்தோம். நாலாம் நாள் காலையில பாக்கேன், இவுக வாசல்ல நாற்காலியில உக்காந்து பேப்பர் படிக்காக. சட்டை போட்டுக்கிட்டு. முழுக்கைச் சட்டை! பித்தானெல்லாம் போட்டு!

"என்ன மாயம்டி பண்ணுன?"ன்னு மகட்ட கேட்டேன்.

"அம்மா, கத்தாத. கம்மி குடுத்தேன்"ங்கா.

நான் வலி கம்மியாயிருச்சுங்கான்னு நினைச்சேன். அப்புறம் பாத்தா அந்தப் பண்டத்துக்கே பேரு கம்மியாம். சதுரம் சதுரமா, மேல சீனி தூவி, பிள்ளைக திங்குற மிட்டாய் மாதிரி. என்னதுடின்னு தோண்டித் துருவிக் கேட்டா, கஞ்சா! "இங்க சட்டமே அனுமதி குடுத்திருக்கும்மா, கடையில வச்சு விக்காங்க, மருந்துதான்"ங்கா. எங்க ஊர்ல ஒருத்தன் கஞ்சாக் கேஸ்ல உள்ள போயிட்டான்னா அவன் தங்கச்சிய எவனும் கட்ட மாட்டான். நான் பெத்த மக எங்க வீட்டுக்காரகளுக்குக் கஞ்சா குடுத்திருக்கா.

சரி, ஊருக்குப் போனா எல்லாம் சரியாயிரும்னு கிளம்பி வந்தோம். ஒம்பது மணி நேரம் நான்தான் காரை ஓட்டுனேன். வந்து பெட்டியப் பிரிச்சாக் காலுறைக்குள்ள ஒரு டப்பா. கான்சாஸ்ல அது குத்தம்மா. மருந்துன்னாலும் குத்தம், மிட்டாய்ன்னாலும் குத்தம். எடுத்துக் கக்கூசுல கொட்டித் தண்ணி விட்டுட்டேன். அதுல தப்பு என்ன இருக்கு? குடும்பப் பொம்பளை அப்படித்தான் செய்வா. அவுக வந்து, வெறும் டப்பாவ எடுத்துப் பாத்தாக, மூடிய மூடி வச்சாக. ரெண்டு நாள் கழிச்சுச் சட்டையக் கழட்டுனாக.

ஒரு வாரம் பாத்தேன். எட்டாம் நாள் நானே காரை எடுத்தேன்.

நீ இந்த ஊருக்குப் புதுசு, உனக்குத் தெரியாது. இங்கருந்து நாலு மைல்ல ஸ்டேட் லைன் ரோடுன்னு ஒண்ணு இருக்கு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் கான்சாஸ், அந்தப் பக்கம் மிசௌரி. இந்தப் பக்கம் வச்சிருந்தாப் போலீஸ், அந்தப் பக்கம் கடை. நடுவுல ஒரு மஞ்சக் கோடு. அம்புட்டுதான் ரெண்டு சட்டத்துக்கும் நடுவுல இருக்கிறது.

கடையில போயி நின்னேன். தலைமுடியப் பச்சையாச் சாயம் அடிச்ச ஒரு பொண்ணு என் லைசென்ஸ வாங்கிப் பாத்துட்டு, "இருபத்தோரு வயசு தாண்டிட்டீங்களான்னு பாக்கணும்"ங்கா. அறுபத்தி மூணு வயசுக் கிழவி நான்! கேலி பண்ணுதாளோன்னு பாத்தா, இல்ல, மெய்யாத்தான் கேக்கா. எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்துச்சு. "இதுல ஜெலட்டின் இருக்கா? நாங்க சைவம்"னேன். அவ சிரிக்கல. உள்ள போயி மூணு டப்பா எடுத்துட்டு வந்து, இது பழச் சாறுல இருந்து எடுக்குற பெக்டின்ல செஞ்சது, உங்களுக்கு ஒத்துக்கும்னு ஒண்ணொண்ணாப் படிச்சுக் காட்டுனா. நல்ல பொண்ணு. அவளுக்கு இருந்த மரியாதைல பாதி, நான் சொன்னேனே அந்தப் பொம்பளை, வனஜாட்சிக்கு இருந்திருந்தா நான் எதுக்கு வீட்டை விக்கேன்?

திரும்பி வரும்போது சிக்னல்ல பக்கத்துல போலீஸ் வண்டி. டப்பா என் மடியில. நான் அவனப் பாத்துச் சிரிச்சேன். அவனும் சிரிச்சான். அதுக்கப்புறம் எனக்குப் பயம் விட்டுப்போச்சு. மாசம் ஒரு தடவை போயி வாங்கிட்டு வருவேன். நாங்க சிட்டிசன், பிடிச்சாலும் நாட்டை விட்டு அனுப்ப மாட்டான். நீங்க விசாவுல இருக்கவுக, அந்தக் கடைப் பக்கமே தலை வச்சுப் படுக்காதீக, சொல்லிட்டேன்.

இவுக மறுபடி மனுசனானாக. பள்ளிக்குப் போனாக. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு துண்டு, அம்புட்டுதான். வகுப்புக்குப் போற நாள்ல காலையில தொடவே மாட்டாக. ஆறு மாசம் நல்லா இருந்தோம்.

இப்ப வாரேன் வனஜாட்சிக்கு. விருதுநகர்க்காரி. தமிழ்ப் பள்ளிக்கு அவதான் தலைமை ஆசிரியை. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். அவ பிள்ளை பெத்துப் படுத்திருந்தப்ப அவ அம்மாவுக்கு விசா கிடைக்கல, நான்தான் நாப்பது நாள் பத்தியம் வச்சுப் போட்டேன். பூண்டு உரிச்சு உரிச்சு என் நகக்கண்ணு வெந்துபோச்சு. அவ மாசி மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்தா. இந்தா, நீ உக்காந்திருக்க பாரு, அதே நாற்காலியில உக்காந்தா.

"அக்கா, அடுத்த வாரத்துல இருந்து அண்ணாச்சி வகுப்புக்கு வர வேண்டாம்னு கமிட்டில முடிவு பண்ணிருக்கோம்"னா.

"ஏன், வயசாயிருச்சா?"

"வயசு இல்லக்கா. அந்த மருந்து..."

"எந்த மருந்து?"

"உங்களுக்கே தெரியும்க்கா. பிள்ளைகளோட அப்பா அம்மா பாதிப் பேர் விசாவுல இருக்காங்க. நாளைக்கு ஒரு பேச்சு வந்துச்சுன்னாப் பள்ளியே நடத்த முடியாது."

நான் வாயத் தொறக்குறதுக்குள்ள இவுக எந்திரிச்சுப் போனாக. அலமாரிச் சாவியும் வருகைப் பதிவேடும் எடுத்துட்டு வந்து அவ கையில குடுத்தாக. "வகுப்புல பிரணவ்க்கு மட்டும் இன்னும் ழ வரல. அவசரப்படுத்தாம சொல்லிக் குடுங்க"ன்னாக. அவ கண்ணத் தொடச்சுக்கிட்டா. நடிப்பு! நான் காபி போடல. அவ வந்து நான் காபி போடாத ஒரே நாள் அதுதான்.

அன்னைக்கு முடிவு பண்ணுனேன், இவளச் சும்மா விடக் கூடாதுன்னு. எப்படித் தெரிஞ்சிருக்கும் இவளுக்கு? ஒரு நாள் ரசப்பொடி வாங்க வந்தவ அடுப்படி அலமாரியத் தொறந்தா. அப்பத்தான் டப்பாவப் பாத்திருக்கணும். பாத்துட்டு ஏங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஊருக்கெல்லாம் சொல்லிருக்கா. வேற எப்படித் தெரியும்?

முதல்ல சின்னச் சின்னதாச் செஞ்சேன். சித்திரைத் திருவிழாவுல அவ செஞ்சேன்னு கொண்டு வந்த அதிரசம் கடையில வாங்குனதுன்னு நாலு பேருகிட்ட சொன்னேன். அது அவ செஞ்சதுதான், எனக்குத் தெரியும், பாகு பதம் நான்தான சொல்லிக் குடுத்தேன்? இருந்தாலும் சொன்னேன். அவ வாட்ஸப்புல வணக்கம் போட்டாப் பாத்துட்டுப் பதில் போடாம விட்டேன். மனசு ஆறல. அவளுக்கு உறைக்கவே இல்ல. எங்க பாத்தாலும் "அக்கா, அண்ணாச்சி எப்படி இருக்காங்க?"ன்னு கேப்பா. என்ன நெஞ்சழுத்தம் பாரு.

அப்பத்தான் சாமி கண்ணக் காட்டுன மாதிரி ஒண்ணு நடந்துச்சு. கடைக்குப் போயிட்டு ஸ்டேட் லைன் ரோடு வழியா வாரேன். வனஜாட்சி வீடு அந்த ரோட்டுலதான் இருக்கு, கான்சாஸ் பக்கம். அதுக்கு நேர் எதிர்த்தாப்புல, மிசௌரி பக்கம் ஒரு வீட்டுல விக்கிறதுக்குப் போர்டு போட்டிருக்கு. காரை ஓரமா நிறுத்திட்டுப் பாத்தேன். முன்னால நல்ல அகலமான தாழ்வாரம். அங்க ஒரு நாற்காலி போட்டா அவ சமையக்கட்டு ஜன்னல் நேரே தெரியும்.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில தெரிஞ்சு போச்சும்மா. அவ வேலை முடிஞ்சு அஞ்சு மணிக்குக் காரை உள்ள விடுவா. அதே அஞ்சு மணிக்கு எங்க வீட்டுக்காரக முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு அங்க உக்காந்து, டப்பாவத் தொறந்து, ஒரு துண்டை எடுத்து, அவ பாக்கப் பாக்க வாயில போடுவாக. நம்ம வீடு, நம்ம தாழ்வாரம், நம்ம மாநிலச் சட்டம். எந்தக் கமிட்டி வந்து என்ன பண்ணும்? ஒவ்வொரு நாளும் பாக்கட்டும். ஞாயித்துக்கிழமையும் பாக்கட்டும்.

மக அப்பத்தான் போன்ல சொல்லிக்கிட்டு இருந்தா. "அம்மா, ரெண்டு பேரும் இங்க வந்துருங்க. கீழயே அறை இருக்கு, அப்பா படி ஏற வேண்டாம். இங்க ஒளிச்சு வாங்க வேண்டாம். பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் குடுக்கட்டும்"னு. நல்ல யோசனைதான், இல்லங்கல. மலைக்காத்து, பேரன் பேத்தி, எல்லாம் இருக்கு. நானும் ரெண்டையும் வச்சுப் பாத்தேன். டென்வரும் சட்டம் அனுமதிக்கிற ஊரு, மிசௌரியும் சட்டம் அனுமதிக்கிற ஊரு. அதுல வித்தியாசம் இல்ல. ஆனா டென்வர்ல உக்காந்து தின்னா வனஜாட்சிக்கு எப்படித் தெரியும்? நீயே சொல்லு.

இவுககிட்டயும் கேட்டேன். கேக்காம இல்ல. "பிரமு கூப்பிடுதாளே, உலகு"ன்னாக. "அவ கூப்பிடுவா, மாப்பிள்ளை வீட்டுல போயி எத்தனை நாள் இருக்கது"ன்னேன். எதிர் வீட்டுக்கு ஒப்பந்தம் எழுதும்போது எங்க கையெழுத்துப் போடணும்னு மட்டும் கேட்டாக, காட்டுன இடத்துல போட்டுக் குடுத்தாக. மனுசருக்குச் சம்மதம்னுதான அர்த்தம்?

கையெழுத்துப் போட்ட மறுநாள் கேசரி கிண்டி எடுத்துக்கிட்டு வனஜாட்சி வீட்டுக்குப் போனேன். நல்ல பட்டுச்சேலை கட்டிக்கிட்டுப் போனேன். "இனிமே நாம எதிர் எதிர் வீடு. அவுக தினமும் வாசல்ல உக்காந்துதான் மருந்து சாப்பிடுவாக. உன் கமிட்டிக்கும் சொல்லிரு"ன்னேன்.

அவ தட்டை வாங்குனா. வாங்கிக் கீழ வச்சா. அப்புறம், "அக்கா, நான் சொல்லக் கூடாதுன்னு அண்ணாச்சி சத்தியம் வாங்கியிருக்காங்க. ஆனா இதுக்கு மேல முடியல"ன்னா.

"என்ன?"

"அண்ணாச்சிதான்கா வந்து சொன்னாங்க. பள்ளிக்கு வந்து, கதவைச் சாத்திட்டு, நான் இந்த மாதிரி ஒண்ணு சாப்பிடுறேன்மா, பிள்ளைங்க முன்னாடி இதை மறைச்சுக்கிட்டு நிக்க முடியல, பள்ளிக்கும் என்னால கெட்ட பேரு வந்துரக் கூடாது, நீயே வேற ஆளைப் போட்டுருன்னாங்க. நான் எவ்வளவோ சொன்னேன். கேக்கல. உலகுகிட்ட மட்டும் நானா விலகுனதாச் சொல்லிராத, அவ என்னை வையுவா, கமிட்டி முடிவுன்னு சொல்லிருன்னாங்க."

பொய்யின்னேன். வேற என்ன சொல்ல? தட்டை அங்கயே விட்டுட்டு வந்துட்டேன். நல்ல எவர்சில்வர் தட்டு.

வீட்டுக்கு வந்தா இவுக ஜன்னல் ஓரத்துல உக்காந்திருக்காக. கேட்டேன். "ஆமா, நான்தான் சொன்னேன்"னாக. ரொம்பச் சாதாரணமா.

"ஏங்கிட்ட சொல்லலாம்ல?"

"சொன்னா நீ யாரு மேலயாவது கோவிச்சுக்கிடணும். என் மேல கோவிச்சுக்கிட்டா நான் தாங்குவேனான்னு இருந்துச்சு. அப்ப உடம்பு அப்படி."

"அவ மேல கோவிச்சுக்கிட்டேனே, அதப் பாத்துக்கிட்டு இருந்தீகளா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நாலு மாசத்துல நின்னுரும்னு நினைச்சேன். நீ வீடே வாங்கிட்ட."

"நீங்களும்தான கையெழுத்துப் போட்டீக?"

"நீ காட்டுன இடத்துல போட்டேன், உலகு. எத்தனை வருஷமா அப்படித்தான போடுதேன்?"

பத்து நாள் கழிச்சு டென்வர்ல இருந்து மாப்பிள்ளை கார்ல வந்தாரு. இவுக பெட்டியக் கட்டி வச்சிருந்தாக. எனக்கும் சேத்து ஒரு பெட்டியக் கட்டி வச்சிருந்தாக, அதான் வேடிக்கை. என் சேலைய மடிக்கத் தெரியாம மடிச்சு வச்சிருந்தாக. நான் ஏறல. இந்த வீட்டை வித்தாத்தான அந்த வீட்டை வாங்க முடியும்? இருந்து வித்துட்டு வாரேன்னேன். "சரி"ன்னாக. ஆறு வாரம் ஆச்சு. என் பெட்டி அந்த அறையில கட்டுன மேனிக்கே இருக்கு. வீட்டைப் பாக்கும்போது பாப்ப.

இப்பவும் நேரம் இருக்கு, எதிர் வீட்டை வேண்டாம்னு சொல்லிரலாம்னு ஏஜென்டு சொல்லுதா. அதத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். டென்வரா, எதிர் வீடான்னு. டென்வருக்குப் போனா அவ ஜெயிச்ச மாதிரி ஆயிரும்லா? எதிர் வீட்டுக்குப் போனாத் தனியா இருக்கணும். இருந்தா என்ன? அவுக வராட்டி அந்த நாற்காலியில நான் உக்காருதேன். நானே திங்கேன். சிரிக்காத, மெய்யாத்தான். எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கிடணும்னு போன வாரம் அரைத் துண்டு தின்னு பாத்தேன். எல்லாம் மெதுவா ஆயிருச்சு. கடிகாரம் மெதுவா ஓடுது. தோட்டத்துல அணில் மெதுவா ஓடுது. அவ மேல இருந்த கோவம்கூட மெதுவாக் கரைஞ்சுக்கிட்டே போகுது. எனக்கு அது பிடிக்கல. மறுநாள் எந்திரிச்சதும் முதல் வேலையா அதத் தேடிப் பிடிச்சு எடத்துல வச்சேன்.

நேத்து மத்தியானம் இவுக போன் பண்ணுனாக. பேரனுக்கு ழ வந்திருச்சாம். அவன் போன்ல "வாழ்க"ன்னு சொல்லிக் காட்டுனான். நல்லா வருது. அப்புறம் இவுக, "வா உலகு, இங்க வா. உனக்கு அங்க என்ன வேலை?"ன்னாக.

"வாரேன். அந்த வனஜாட்சி ஏங்கிட்ட மன்னிப்புக் கேக்கட்டும், மறுநாளே வாரேன்"னேன்.

"எதுக்கு மன்னிப்பு? அவ என்ன செஞ்சா?"ன்னு கேட்டாக.

"யோசிச்சுச் சொல்லுதேன்"னு போனை வச்சிட்டேன்.

நேத்துல இருந்து அதத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். எந்திரி, வா, வீட்டைப் பாப்போம். அதெல்லாம் இருக்கும்மா. இம்புட்டு வருஷப் பழக்கத்துல அவ எனக்கு ஒரு தப்பாவது செஞ்சிருக்க மாட்டாளா? கிடைக்கும்.